பதின்மூன்று மாதம்

இந்தப் பதிப்புக்கு ஆயுள் பதின்மூன்று மாதம்.
என் இக்காமாவுக்குப் பன்னிரண்டு.
என்னைவிட ஒரு மாதம் கூடுதலாக
இந்த ஊரில் இருக்க அனுமதி உள்ள ஒன்றுக்கு
நான் காவல்.

ஷுவைக், மீன் குளிர்க்கிடங்கு, இரண்டாம் மாடி.
கீழே மைனஸ் பதினெட்டில் வாவல் கிடக்கிறது,
இங்கே அதற்கு சுபைதி என்று பேர்.
மேலே ஆறு சர்வர்கள்.
எந்த அறை எத்தனை டிகிரி என்று
நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுவது அவற்றின் பிழைப்பு.
அவை எழுதுகின்றனவா என்று பார்ப்பது
என் பிழைப்பு.

தரீஃப் ஒருநாள் கேட்டார்:
பத்து வருஷம் அசையாமல் இருக்கிற சிஸ்டம் உண்டாமே,
ஆறு மாதத்துக்கு ஒருதரம் சட்டை உரிக்கிற இது எதற்கு?
புது மெஷினின் கார்டு பழசுக்குப் புரியவில்லை என்றேன்.
பாதி உண்மை.
மீதியைச் சொல்ல என்னிடம் அரபி போதாது,
தமிழிலும் சொல்லிப் பார்த்ததில்லை.
முன்பின் தெரியாத ஒருவர் நேற்று ராத்திரி திருத்தியது
இன்று காலை சூடு ஆறாமல் என் கைக்கு வருகிறது.
அதில் ஒரு கிறுக்கு.

ஜூன், வெள்ளிக்கிழமை, அதிகாலை இரண்டு.
தெருவில் அந்நேரத்துக்கும் முப்பத்தாறு டிகிரி.
சர்வர் அறையில் நான் ஸ்வெட்டரில்.
அப்டேட் முடிந்து ஐந்து எழுந்தன.
ஆறாவதும் எழுந்ததுதான்,
ஆனால் தனக்கு நெட்வொர்க் கார்டு இருப்பதையே
மறந்துவிட்டு எழுந்தது.
பிங் போட்டேன்.
தண்ணீர் வற்றிய கிணற்றில்
கல் விழுகிற சத்தமாவது கேட்கும்.

ரீபூட். துவக்கப் பட்டியலில் மூன்று வரி:
புதுக் கர்னல், போன வாரத்துக் கர்னல்,
அதற்கும் முந்தியது.
அம்புக்குறியை ஒரு வரி இறக்கினேன்.
எழுந்து உட்கார்ந்து,
எதுவும் நடக்காத முகத்தோடு
நான்காம் அறை மைனஸ் பதினெட்டு புள்ளி மூன்று
என்று எழுத ஆரம்பித்தது.

பதினோரு நிமிடம் விட்டுப்போயிருந்தது பதிவேட்டில்.
மீனுக்குத் தெரியாது.
தரீஃபுக்கு நான் சொல்லவில்லை.

பிழையை எழுதி அனுப்பினேன்,
கை விறைத்து, இலக்கணம் விறைத்து.
பாங்கு ஒலிக்கும் நேரம் பதில் வந்தது.
வேய்க்கோ என்று ஒருவர், ஃபின்லாந்து.
எங்கள் இருவருக்கும் கடிகாரத்தில் ஒரே மணி,
அவர் ஜன்னலில் மட்டும் இருட்டவே இல்லையாம்.
பதிவேட்டில் மூன்று வரி கேட்டார், கொடுத்தேன்.
ஒருமணி நேரம் சத்தமில்லை.
பிறகு, இதைப் போட்டுப் பாருங்கள், உடைந்தால் சொல்லுங்கள்.
உடைந்தால் என்ன ஆகும் என்று
கீழே நாற்பது டன் வாவலை ஒருதரம் நினைத்துக்கொண்டு
போட்டேன்.

உடையவில்லை.
ஓடுகிறது என்று ஒரு வாக்கு நான்,
போலந்தில் ஒன்று, பிறகு எங்கேயோ ஒன்று.
மறுவாரம் எல்லோருக்கும் போனது அது.
அடிக்குறிப்பில், பிழையைச் சொன்னவர்: எழிலரசு.
எழுத்துப்பிழை இல்லாமல்.

சிவில் ஐடியில் நான் இஸில் அரஸ்.
ழகரத்துக்கு அந்தக் குமாஸ்தா எங்கே போவார், பாவம்.
திருத்தச் சொல்லி மனுக் கொடுத்து
நான்கு வருஷம் ஆகிறது.
ஒவ்வொரு முறையும் வேறு ஜன்னலுக்குப் போகச் சொல்கிறார்கள்.

ஏசி பார்க்கிற பிஜோய் ஆறரைக்கு வந்தான்.
ராத்திரி விசேஷம் உண்டா என்றான்.
இல்லை என்றேன்.
ஃபில்டரைக் கழற்றித் தட்டினான்,
போன வாரத்துப் புழுதிக்காற்று
பொடிப்பொடியாக என் கீபோர்டில் விழுந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்து பட்டியலைப் பார்த்தேன்.
மூன்றுக்கு மேல் அது வைத்துக்கொள்வதில்லை.
திருத்திய கர்னல் உள்ளே வந்ததும்
கடைசி வரியில் இருந்தது
சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது.
எப்போதோ ஒரு வெள்ளிக்கிழமை
அதுவும் என்னைக் காப்பாற்றியிருக்கும்.
எந்த வெள்ளி என்று
பதிவேட்டைப் புரட்டினால் தெரியும்.
புரட்டவில்லை.